வெட்டாத காஜா ஏழு

காஜாக்காவை யாராவது "பாவம்" என்று சொன்னால் அவளுக்குப் பின்கழுத்தில் அரிக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அரிக்கும், சொறிந்துகொள்வாள். வருஷத்துக்கு ஒருமுறை கருணை வாரம் என்று ஒன்று வரும். அந்த வாரம் முழுக்க அவள் கழுத்து சிவந்தே கிடக்கும்.

சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் காஜா. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் தினம் இரண்டு தடவை அதில் விரல் வைக்கிறார்கள். அதைப் போட்டவள் ஒருத்தி இருப்பாளே என்று யாரும் யோசித்ததில்லை. காஜாக்கா அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அடுத்தவர் நம்மைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே பெரிய மரியாதை என்பது அவள் கட்சி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே தையல் ஆலை, ஜன்னலிலிருந்து மூன்றாவது மெஷின். அந்த மெஷின் முதலில் இரண்டு பக்கமும் நெருக்கமாக நூல் ஓட்டும். கடைசியில் "டக்" என்று ஒரு சின்னக் கத்தி இறங்கி நடுவில் வெட்டும். வெட்டினால்தான் அது காஜா. வெட்டாவிட்டால் வெறும் பூவேலை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டத்தில் பார்த்தாலும் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய மனிதர்கள் மூன்று பேர் இதில் தடுக்கி விழப்போகிறார்கள்.

அவள் மகனுக்கு வயது இருபத்தாறு. ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. மீசை உண்டு, அதை வாரிவிடாமல் வெளியே வரமாட்டான். பிறந்த இரண்டாம் வருஷம் டாக்டர்கள் அவனுக்கு இருப்பது இன்னது என்று ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர் மரியாதைக் குறைவாக இருக்கிறது என்று பிறகு வேறு பெயர் வைத்தார்கள். அதுவும் சரியில்லை என்று மூன்றாவதாக ஒன்று. ஒவ்வொரு தடவையும் உதவி அலுவலகத்து வாசலில் பலகையை மாற்றி எழுதிப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அலுவலகம் மட்டும் அதே இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், முப்பத்தெட்டுப் படிக்கு மேலேயே இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பெயிண்டருக்குக்கூட மூச்சு வாங்கும்.

மகனுடைய அப்பாவைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். ஒரு வரியே அதிகம். "என்னால இதைத் தாங்க முடியல" என்று அழுதுவிட்டு, தாங்கக்கூடிய வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டார்.

மகன் பேசுகிற சொற்கள் பத்துக்குள் அடங்கிவிடும். அதில் பாதி ஆலையிலிருந்து வந்தவை. காஜாக்கா வீட்டுக்குப் பையில் கொண்டுவருகிற பழுதுச் சட்டைகளை அவன்தான் பார்ப்பான். நூல் நீட்டிக்கொண்டிருந்தால் "பிசிறு". கத்தி சரியாக இறங்காமல் காஜா மூடிக்கிடந்தால் "வெட்டல". திருப்பி அனுப்ப வேண்டியது "ரிட்டன்". எல்லாம் ஒழுங்காக இருந்தால் "பாஸ்". சின்னக் கத்தரியை எடுத்துப் பிசிறை நறுக்குவான், மூடின காஜாவைத் திறப்பான், பழுது சரியானதும் சட்டையை மடித்து வலது பக்கம் வைப்பான். ஒரு நாளும் தப்பியதில்லை. ஆலையின் சூப்பர்வைசர் ஒருமுறை பத்து சட்டையைக் கலந்து அனுப்பிச் சோதித்துப் பார்த்துவிட்டு, "நம்ம செக்கிங் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு உங்க பையனைக் கூப்பிடலாம் போல இருக்கேக்கா" என்றார். சொன்னதோடு சரி, கூப்பிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆலை முழுக்க அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

இன்ஸ்பெக்டர் துணிக்கு மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. மழை பாஸ். பக்கத்து வீட்டு நாய் ரிட்டன். பெரியப்பா வருஷத்துக்கு ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, மூக்கை உறிஞ்சி, "உனக்கு அப்புறம் இவனை யாரும்மா பார்ப்பா?" என்று கேட்டுவிட்டுப் பிஸ்கட்டில் பாதியைத் தானே தின்றுவிட்டுப் போவார். அவர் ரிட்டன். அவர் போன பிறகு சொன்னால் பரவாயில்லை. இவன் வாசலிலேயே சொல்லிவிடுவான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால்வரை அவள் வேலைக்குப் போகும்போது அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். காலை எட்டு மணிக்குப் பூட்டு விழும், மாலை ஆறு மணிக்குத் திறக்கும். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கத்தி இறங்குகிற ஒவ்வொரு "டக்"கிலும் அவளுக்கு அந்தப் பூட்டுதான் கேட்கும். சாயங்காலம் கதவைத் திறந்தால் அவன் கதவுக்குப் பின்னால், காலையில் நின்ற அதே இடத்தில் நிற்பான். இதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் "பாவம்" என்பார்கள்.

பிறகு பகல் மையத்தில் இடம் கிடைத்தது. எட்டே காலுக்கு வேன் வரும். டிரைவர் இரண்டு முறைதான் ஹார்ன் அடிப்பார். மூன்றாவது அடித்தால் இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்ட மனுஷன். இதற்காக அவருக்கு யாரும் மேடையில் கேடயம் கொடுக்கவில்லை. மையத்தில் அவனுக்கு ஒரு மேஜை, இரண்டு நண்பர்கள், சண்டை போட ஒரு எதிரி, எல்லாம் உண்டு. காஜாக்கா பூட்டைக் கழற்றி அடுப்படி ஆணியில் மாட்டினாள். தூக்கி எறியவில்லை. ஏன் எறியவில்லை என்பதுதான் இந்தக் கதை.

மையத்தில் இடம் என்பது ஒரு சான்றிதழின் பேரில் கிடைப்பது. வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, பிள்ளைக்குக் குறை இத்தனை சதவீதம் என்று அதில் எழுதுவார்கள். எழுபதும் அதற்கு மேலும் இருந்தால் இடம் உண்டு, வேன் உண்டு. எழுபதுக்குக் கீழே போனால் வாழ்த்துக் கடிதம் வரும். "தங்கள் பிள்ளையின் முன்னேற்றம் கண்டு மகிழ்கிறோம், தங்கள் இடம் தேவையுள்ள இன்னொருவருக்கு வழங்கப்படுகிறது." இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது. பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டால் இரண்டு சதவீதம் குறையும். கற்றுக்கொடுத்தது மையம். கற்றதற்காக வெளியே தள்ளுவதும் அதே மையம். நீச்சல் கற்றுக்கொண்டான் என்பதற்காகப் படகிலிருந்து பிடித்துத் தள்ளிவிடுகிற கருணை.

மாடி வீட்டுக்காரியின் மகளுக்கு அப்படித்தான் போனது. அவள் அழுதுகொண்டே இறங்கி வந்தது காஜாக்காவுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"பொண்ணு போன் நம்பரைச் சொல்லிட்டாக்கா. பத்து நம்பரும் தப்பில்லாம. நான் கை தட்டிட்டேன். டாக்டரும் கை தட்டினாரு. இப்போ லெட்டர் வந்திருக்கு."

"நீ எதுக்குடி கை தட்டினே?"

"சந்தோஷத்துல வந்துருச்சுக்கா."

"இனிமே அங்க போறப்ப சந்தோஷத்தை வீட்டுலயே வெச்சுட்டுப் போ."

சொல்லிவிட்டாள், ஆனால் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் இப்போது பகல் முழுக்க மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பர் சரிதான். அடிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

போன வருஷம் இன்ஸ்பெக்டருக்கு எழுபத்து மூன்று. டாக்டர் எதிரிலேயே குனிந்து ஷூ லேஸைக் கட்டிவிட்டான். "முன்னேற்றம் தெரியுதே!" என்று டாக்டர் குதூகலித்தார். எழுபத்தொன்று. பாக்கி இருப்பது ஒரே ஒரு படி. இந்த வருஷம் அவன் செய்த காரியம் என்னவென்றால், பட்டன் போட்டான்.

மேஜையில் விரித்த சட்டைக்குப் போடுவது வேறு, அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன் உடம்பில் கிடக்கிற சட்டைக்குக் கண்ணைத் தாழ்த்தி, விரலைத் திருப்பிப் போடுவது வேறு. நாலு வருஷம் ஆயிற்று. காஜாக்கா பின்னால் நின்று கையைப் பிடித்துக் காட்டினாள், முன்னால் உட்கார்ந்து காட்டினாள், கத்தினாள், கெஞ்சினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குளியலறையிலிருந்து வந்தபோது கீழிருந்து மேல்வரை ஏழு பட்டனும் போட்டிருந்தது. ஒன்றுகூட மாறவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னையே தலையிலிருந்து கால்வரை பார்த்து, "பாஸ்" என்றான்.

காஜாக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கை தட்டினாள். சத்தம் வராமல். பிறகு ஆணியில் தொங்குகிற பூட்டைப் பார்த்தாள்.

சான்றிதழ்ப் பரிசோதனைப் படிவத்தில் பதினொன்றாவது கேள்வி: தன் சட்டைக்குத் தானே பட்டன் போட முடிகிறதா?

"போடாதே" என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். நாலு வருஷம் "போடு, போடு" என்று சொன்ன அதே வாய் இப்போது "போடாதே" என்றால் அவன் என்ன நினைப்பான்? விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு இன்னும் வேகமாகப் போட்டான். அவனுக்குப் பொய் வராது. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ, அதற்கு நேரம் இல்லை. ஆகவே பொய்யை அவனுக்குப் பதிலாகச் சட்டையைச் சொல்லவைப்பது என்று முடிவு செய்தாள்.

சாயம் ஒத்துப்போகாமல் ஒதுக்கிய நீலச் சட்டை ஒன்று ஆலையில் கிடந்தது. காஜா இன்னும் போடாதது. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினாள். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனதும் மெஷினின் கத்தியைக் கழற்றி வைத்துவிட்டு ஏழு காஜா போட்டாள். ஏழிலும் நூல் ஓடியது, எதிலும் வெட்டு விழவில்லை. "டக்" சத்தம் இல்லாமல் அந்த மெஷின் ஓடி அவள் கேட்டதே இல்லை.

சூப்பர்வைசர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, கத்தி கீழ கிடக்கு?"

"பூவேலை" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் தெரிந்தே போட்ட முதல் தப்புக் காஜா. அவள் கையே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

கருணை வாரத்தின் மூன்றாம் நாள் பரிசோதனைக்கு அவர்கள் முறை. முப்பத்தெட்டுப் படி நெடுகக் கைப்பிடியில் பலூன் கட்டியிருந்தார்கள். ஆகவே கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. நடக்கத் தள்ளாடுகிற பிள்ளைகளை அம்மாக்கள் இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு பலூனுக்கு வழிவிட்டு ஏறினார்கள். மேலே கூடத்தில் கருணை சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். பொதுமக்கள் சார்பில் பரிசோதனைக் குழுவில் அவரும் ஒருவர். "இவங்க குழந்தைங்க இல்ல, தெய்வங்க!" என்றார். தெய்வங்களில் பாதிக்கு உட்கார நாற்காலி இல்லை.

கூடத்து மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பட்டன் பலகை, லேஸ் பலகை, வண்ண வளையங்கள் என்று பரிசோதனைக்கான சாமான்கள் எல்லாம் இருந்தன. சங்கம் நன்கொடையாகக் கொடுத்தது. குறுக்கே சிவப்பு ரிப்பன். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு இரண்டு வருஷமாகத் தேதி அமையவில்லை. அதுவரை அவரவர் சட்டையிலேயே பட்டன் போட்டுக் காட்ட வேண்டும். காஜாக்காவின் திட்டம் முழுக்க அந்த ரிப்பனை நம்பித்தான் இருந்தது.

முதலில் நாலாம் நம்பர் ஜன்னலில் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாளை எல்லோரும் நாலாம் நம்பர் என்றுதான் சொல்வார்கள். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"போட்டோ ரெண்டு. ஒண்ணுதான் இருக்கு."

"கீழ இன்னொண்ணு ஒட்டியிருக்கு பாருங்க மேடம்."

"ஒட்டச் சொல்லலையே. தனியா வைக்கச் சொன்னேன். போன வருஷமும் சொன்னேன்." சொல்லிக்கொண்டே ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டியிருந்த கத்தரியை இழுத்துத் தானே வெட்டிப் பிரித்தாள். கத்தரியைக் கட்டி வைக்காவிட்டால் கருணை வாரத்துக்கு வருகிற தொண்டர்கள் எடுத்துப் போய்விடுவார்களாம். "போங்க, உட்காருங்க. நிக்காதீங்க வழியில."

ஏழு வருஷத்தில் இந்த அம்மாள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் "நாளைக்கு வாங்க" என்றும் சொன்னதில்லை. "பாவம்" என்று சொன்னதே இல்லை. இந்த ஜன்னலில் நிற்கும்போது மட்டும் தன் கழுத்து அரிப்பதில்லை என்பதைக் காஜாக்கா கவனித்ததுண்டு.

கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மகனைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் அழைத்துப் போய், "வேர்த்துருச்சுப்பா, புதுச் சட்டை போட்டுக்கலாம்" என்று நீலச் சட்டையை எடுத்தாள். அவனுக்குப் புதுச் சட்டை என்றால் உயிர். கையை விட்டான், தோளைக் குலுக்கினான், விரல் கீழ்ப் பட்டனுக்குப் போவதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். நடுவில் டாக்டர். ஒரு பக்கம் சங்கத் தலைவர், கோட்டு சூட்டோடு. இன்னொரு பக்கம் மனநல ஆலோசகர். அவருக்கு அம்மாக்கள் வைத்த பெயர் சர்க்கரை மேடம்.

"வாங்க வாங்க செல்லம்! குட்டிப் பையன் இன்னிக்கு மம்மம் சாப்ட்டாங்களா?" என்றார் சர்க்கரை மேடம்.

குட்டிப் பையன் மீசையை நீவிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவன் கண் தலைவரின் கோட்டுக்குப் போனது. "பிசிறு" என்று சொல்லிக் கையை நீட்டினான்.

"பாருங்க, பாருங்க, என்கிட்ட எவ்வளவு பாசமா வர்றான்!" என்று தலைவர் படம் எடுப்பவரைத் தேடினார். இன்ஸ்பெக்டர் அவர் கைப்பக்கம் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தான். நூல் வந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் பட்டனும் வந்து தரையில் உருண்டது. "ரிட்டன்" என்றான்.

"குழந்தைத்தனம்" என்று சொல்லித் தலைவர் பெருந்தன்மையாகக் குனிந்து பட்டனைத் தேடினார்.

பத்துக் கேள்வி எப்படியோ ஓடின. பதினொன்று வந்தது.

"எங்க, சட்டைக்குப் பட்டன் போடுங்க பார்ப்போம்" என்றார் டாக்டர்.

இதற்காகவே காத்திருந்தவன்போல அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கீழ்ப் பட்டனைப் பிடித்தான், காஜாவைப் பிடித்தான், தள்ளினான். போகவில்லை. காஜாக்கா தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுபடி தள்ளினான். போகவில்லை. அவன் அவசரப்படவில்லை. சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, திருப்பி உள்பக்கம் பார்த்தான்.

"வெட்டல" என்றான்.

"என்ன சொல்றாங்க செல்லம்?"

"வெட்டல. வெட்டல." அடுத்த காஜாவைப் பார்த்தான், அதற்கடுத்ததையும் பார்த்தான். "வெட்டல. வெட்டல. வெட்டல."

சர்க்கரை மேடம் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு எழுதினார். எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னார்: "சூழலுக்குப் பொருந்தாத சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்."

அந்த அறையில் அன்று காலையிலிருந்து பேசப்பட்டவற்றில் சூழலுக்குப் பொருந்திய சொல் அது ஒன்றுதான்.

டாக்டருக்கு இரக்கம் வந்துவிட்டது. "பயப்படாதீங்க தம்பி, நான் காட்டறேன்" என்று எழுந்து வந்து தானே பட்டனைப் பிடித்துத் தள்ளினார். போகவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுத் தள்ளினார். "சட்டை டைட்டோ?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் காஜாக்கா.

"விடுங்க டாக்டர், எனக்கு அஞ்சு பேரப்பசங்க. இதெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்று தலைவர் வந்தார். மூன்றாவது பட்டனை எடுத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சர்க்கரை மேடமும் விடவில்லை. "செல்லம் வயித்தை உள்ள இழுங்க, உள்ள இழுங்க" என்று காலரிலிருந்து ஆரம்பித்தார். படித்தவர்கள் மூன்று பேர், ஆறு கை, முப்பது விரல், ஒரு சட்டை. ஒருவருக்காவது அந்தச் சட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றாது. பழுது எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியுமே, எதிரில் உட்கார்ந்திருக்கிறதே!

கடைசியில் டாக்டர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். "உடம்பை விறைப்பா வெச்சுக்கறான். ஒத்துழைப்பு சுத்தமா இல்ல. எழுதுங்க: பிறர் உதவியோடும் பட்டன் போட இயலாது. போன வருஷத்தைவிட மோசம். எழுபத்தெட்டு போடலாம்."

"எண்பது போடுங்க டாக்டர், பாவம்" என்றார் தலைவர்.

எண்பது. வேன் உண்டு. மேஜை உண்டு. பூட்டு ஆணியிலேயே தொங்கும். காஜாக்கா தலையைக் குனிந்து நின்றாள். நினைத்தது நடந்துவிட்டால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை, கழுத்துதான் தீயாக அரித்தது. வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் மானம் திரும்பி வந்துவிடும், பூட்டும் திரும்பி வந்துவிடும். வாயைத் திறக்கவில்லை.

அப்போது மகன் அவளைப் பார்த்தான். காஜாவின் தையலைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். நூல் முடிச்சு அவள் போடுகிற முடிச்சு, அது அவனுக்குத் தெரியாதா?

"அம்மா" என்றான். "ரிட்டன்."

இதுவரை அவளுடைய ஒரு துணியைக்கூட அவன் திருப்பி அனுப்பியதில்லை.

சான்றிதழ் அச்சாகி நாலாம் நம்பர் ஜன்னலுக்குப் போனது. அங்கே "சரிபார்த்தேன்" என்று முத்திரை விழுந்தால்தான் செல்லும். காஜாக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றாள். நாலாம் நம்பர் தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள்.

மகன் கம்பியில் தொங்குகிற கத்தரியைப் பார்த்துவிட்டான்.

அவனுடைய சட்டத்தில் பழுதை வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. சட்டையைக் கழற்றினான். பனியனோடு, கூடம் நிறைந்த கூட்டத்தின் நடுவில், ஜன்னல் பலகையில் சட்டையை விரித்தான். கயிறு குட்டை. ஆகவே சட்டையைக் கத்தரிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டான்.

"டேய், வேண்டாம்ப்பா... வீட்டுக்குப் போய்ப் பண்ணலாம். போலாம், வா, போலாம்" என்று காஜாக்கா அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். மலையை இழுப்பதும் அவனை இழுப்பதும் ஒன்று.

கத்தரியின் முனையை முதல் காஜாவின் நடுவில் வைத்தான். நூலில் படாமல், ஓரம் கிழியாமல், ஒரே வெட்டு. பிறகு இரண்டாவது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாவது. "ஏம்மா, இங்க என்ன டெய்லர் கடையா நடக்குது?" என்று யாரோ கேட்டார்கள். அவன் திரும்பவில்லை. ஏழும் முடிந்தது. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். கீழிருந்து மேலே, ஒன்று, இரண்டு, மூன்று... நிதானமாகக் காலர்வரை போட்டான்.

நாலாம் நம்பரின் விரல் தாளில் ஒரு வரியில் நின்றிருந்தது. பிறர் உதவியோடும் பட்டன் போட இயலாது. கண் தாளில் இல்லை, சட்டையில் இருந்தது. பிறகு பலகையில் விழுந்து கிடந்த துணித் துகள்களுக்குப் போனது. பிறகு காஜாக்காவின் முகத்துக்கு வந்தது. அந்த முகத்தில் இருந்ததைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"எந்த ஆலை?" என்றாள்.

காஜாக்கா சொன்னாள்.

"என்ன வேலை?"

"காஜா."

"ம்."

கூடத்தில் தலைவரின் ஒலிபெருக்கி அன்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. காஜாக்காவுக்குக் காதில் ஒரே ஒரு சத்தம்தான், எட்டு மணிக்குப் பூட்டு விழுகிற சத்தம். நாலாம் நம்பர் இழுப்பறையைத் திறந்தாள். முத்திரையை எடுத்தாள், மையில் ஒற்றினாள், "டக்" என்று இறக்கினாள்.

"இந்தாங்க. மடிக்காம எடுத்துட்டுப் போங்க." தாளை ஜன்னலில் தள்ளிவிட்டு, துணித் துகள்களைப் புறங்கையால் தட்டிவிட்டாள். குரல் இறங்கவில்லை, அதே சிடுசிடுப்பு. "ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? பட்டன் இருந்தாத்தானே போடச் சொல்லுவாங்க? அடுத்த வருஷம் டி-ஷர்ட் போட்டுக் கூட்டிட்டு வா. இதுக்குப் போயி ஏழு காஜா, ஏழு கூத்து!"

டி-ஷர்ட். மூன்று ராத்திரி தூங்காமல், ஒரு மெஷினின் கத்தியைக் கழற்றி, பெற்ற மகனைப் பொய்யனாக்கித் திட்டம் போட்டவளுக்குப் பட்டனே இல்லாத ஒரு சட்டை உலகத்தில் உண்டு என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் காஜாவையே பார்த்த கண்.

"சரிங்க மேடம்" என்றாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், அரிப்பு நின்றிருந்தது.

மகன் நகரவில்லை. ஜன்னலுக்குள் எட்டி நாலாம் நம்பரின் கைத் தையலைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பாஸ்" என்றான்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல மேடம். நீங்க பாஸாம்."

"இவரை யார் கேட்டா? நகருங்க, நகருங்க. அடுத்தது!"